அடிமைத்தளையும் நம் மனச்சான்றும்

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, கி.பி. 630. மக்கமா நகர் வெற்றி கொள்ளப்பட்டு, கஅபாவைச் சூழ்ந்து நின்ற சிலைகளெல்லாம் அகற்றப்பட்டுவிட்டன. தொழுகை நேரம் வந்தது. கஅபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்லுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் யாரைப் பணித்தார்கள் என்பதை, வாசக அன்பர்களே, நீங்கள் நன்கறிவீர்கள். குறைஷிக் குலத்தின் பெருந்தலைவர் எவரையும் அன்று. அபிசீனியத் தாயின் வயிற்றில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, அடிமையாக வதைக்கப்பட்ட ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களைத்தான் பணித்தார்கள். எந்நகரத்துச் சுடுமணலில் உமையா இப்னு கலஃப் என்னும் எசமானன் அவர்களைக் கிடத்தி மார்பின்மீது பாறையை ஏற்றினானோ, அந்நகரத்தின் மிக உயர்ந்த இடத்திலிருந்து அவர்களின் குரல் எழுந்தது.

இந்நிகழ்ச்சியை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கின்றோம். மீலாது விழாக்களில் கேட்டு மெய்சிலிர்க்கின்றோம். அவ்வாறு சிலிர்ப்பதில் தவறில்லை. எனினும் அதன் அருகிலேயே வைத்து எண்ண வேண்டிய மற்றோர் ஆண்டும் உண்டு. பிலால் (ரலி) அவர்களின் பாங்கொலி எழுந்த அதே மக்கா அடங்கிய அரபு நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1962-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில்தான். இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஓடிய ஆண்டுகள் 1,332.

இவ்வளவு நெடிய காலம் ஏன் பிடித்தது? இக்கேள்வியை மாற்றார் கேட்கும்போது மட்டும் நாம் விடை தேடுகின்றோம். நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது என்பதே இன்றைய கட்டுரையின் கருத்து.

திருமறை திறந்த வாயில்கள்

ஏழாம் நூற்றாண்டில் அடிமைகள் இல்லாத நாடென்று ஒன்றைக் காண்பது அரிது. உரோமையரிடம் இருந்தனர், பாரசீகரிடம் இருந்தனர், அரபியரிடமும் இருந்தனர். போரில் சிறைப்பட்டவன் அடிமை. கடனைத் திருப்ப இயலாதவன் அடிமை. வழியில் கடத்தப்பட்ட குழந்தை அடிமை. அடிமையின் வயிற்றில் பிறந்ததும் அடிமை. இவ்வழிகளுள் பலவற்றை இஸ்லாம் அடைத்தது. சுதந்திரனாகப் பிறந்த ஒருவனைக் கடனுக்காக அடிமையாக்குதல் கூடாது. பெற்றோர் பிள்ளையை விற்றல் கூடாது. கடத்திச் சென்று விற்றல் பெரும்பாவம் என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் வரையறுத்தனர்.

உள்ளே செல்லும் வழிகளைக் குறைத்த திருமறை, வெளியேறும் வழிகளைப் பெருக்கிற்று. தவறுதலாக ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்குப் பரிகாரம் ஓர் அடிமையை உரிமை விடுதல். சத்தியத்தை முறித்தால் அதற்குரிய பரிகாரங்களுள் ஒன்று அடிமையை உரிமை விடுதல். மனைவியைத் தாயோடு ஒப்பிட்டு ஒதுக்கிய அறியாமைக்கால வழக்கத்துக்குப் பரிகாரமும் அதுவே. ஜகாத் நிதியைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் கூறும் ஒன்பதாம் அத்தியாயத்தின் அறுபதாவது வசனம், அடிமைகளின் விடுதலைக்கென ஒரு பங்கை ஒதுக்குகின்றது. இருபத்து நான்காம் அத்தியாயமோ, தன் விலையைத் தவணையாகச் செலுத்தி விடுதலை பெற விரும்பும் அடிமைக்கு எழுத்து ஒப்பந்தம் செய்து கொடுக்குமாறும், இறைவன் உங்களுக்கு அளித்த பொருளிலிருந்து அவர்களுக்கு வழங்குமாறும் உடையவர்களுக்குக் கட்டளையிடுகின்றது. தொண்ணூறாம் அத்தியாயம், மனிதன் ஏறத் தயங்கும் செங்குத்தான மலைப்பாதையென ஒன்றைக் கூறி, அஃது என்னவென்று வினவி, முதல் விடையாக உரைப்பது ஒரு கழுத்தைத் தளையினின்று விடுவித்தல் என்பதே.

போரில் சிறைப்பட்டோரைப் பற்றி நாற்பத்து ஏழாம் அத்தியாயத்தின் நான்காவது வசனம் இரண்டே வழிகளைப் பேசுகின்றது. ஒன்று, அருள் புரிந்து விட்டுவிடுதல். மற்றொன்று, ஈட்டுப்பொருள் பெற்று விட்டுவிடுதல். அடிமையாக்குதல் என்னும் மூன்றாவது வழி அவ்வசனத்தில் கூறப்படவில்லை. அக்காலத்துப் போர் வழக்கத்தையும் நடைமுறையையும் ஆதாரமாகக் கொண்டு பிற்காலச் சட்ட அறிஞர்கள் மூன்றாவது வழியையும் ஏற்றனர். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். பின்னர் வரும் வரலாறு இதனைச் சுற்றியே சுழல்கின்றது.

பெருமானாரின் முன் ஒரு பணிப்பெண்

சட்டம் ஒருபுறம் இருக்க, அண்ணலாரின் நடைமுறை எத்தகையது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறலாம்.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் மதீனாவில் ஒரு யூதரிடம் அடிமையாக இருந்தார்கள். விடுதலைக்கு விலையாக முந்நூறு பேரீச்சங் கன்றுகளை நட்டுத் தரவும், நாற்பது ஊக்கியா பொன் அளிக்கவும் ஒப்பந்தமாயிற்று. தோழர்கள் ஆளுக்குச் சில கன்றுகளாகக் கொண்டு வந்து குவித்தனர். குழிகள் தோண்டப்பட்டன. அக்கன்றுகளைத் தம் திருக்கரங்களாலேயே நட்டார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். ஓர் அடிமையின் விடுதலைக்காகத் தலைவரே மண்ணில் கை வைத்து உழைத்தார்கள் என்று வரலாற்று நூல்கள் பகர்கின்றன.

மற்றொன்று பரீரா (ரலி) அவர்களின் வரலாறு. இப்பெண்மணியும் ஆண்டுக்கு ஓர் ஊக்கியா வீதம் ஒன்பது ஆண்டுகளில் விலை செலுத்துவதாக ஒப்பந்தம் செய்திருந்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொகை முழுவதையும் தாமே கொடுத்து அவரை உரிமை விட்டார்கள். பரீராவின் கணவர் முகீஸ் என்பார் அப்போதும் அடிமையாகவே இருந்தார். விடுதலை பெற்ற பெண்ணுக்கு, அடிமையான கணவனோடு தொடர்ந்து வாழ்வதா பிரிவதா என்று முடிவு செய்யும் உரிமை உண்டு. பரீரா பிரிவதென்று முடிவு செய்தார். முகீஸோ மதீனத்துத் தெருக்களில் அவர் பின்னே அழுதுகொண்டு திரிந்தார். கண்ணீர் தாடியில் வழிந்தோடிற்று.

இதனைக் கண்டு உளம் இரங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கணவரிடம் திரும்பிச் செல்லலாகாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது தாங்கள் இடும் கட்டளையா என வினவினார் அப்பெண்மணி. கட்டளையன்று, பரிந்துரையே என்றார்கள் பெருமானார். அவ்வாறாயின் தமக்கு அவர் வேண்டா என்று கூறிவிட்டார் பரீரா. பெருமானார் அதன்மேல் ஒரு சொல்லும் சொன்னார்களில்லை.

அன்பர்களே, சிறிது நின்று எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை விலைபேசப்பட்ட ஒரு பணிப்பெண், இறைத்தூதரின் பரிந்துரையை அவர்களின் முகத்துக்கு நேரே மறுக்கின்றார். அம்மறுப்பு மதிக்கப்படுகின்றது. விடுதலை என்பது சீட்டில் எழுதிக் கொடுக்கும் சொல் மட்டுமன்று. தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை அது என்பதை இதைவிடத் தெளிவாக யார் கூற இயலும்?

வற்றாத ஊற்று

மதுவைத் திருமறை படிப்படியாகக் கண்டித்து, இறுதியில் முற்றாக விலக்கிற்று. அடிமைமுறையை அவ்வாறு ஒரே சொல்லால் விலக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. நுழைவாயில்களை ஒடுக்கி, வெளிவாயில்களை அகலத் திறந்துவிட்டால், ஊற்று தானே வற்றிவிடும் என்பதே நோக்கம் என அறிஞர் பலர் விளக்கம் கூறுவர். அவ்விளக்கம் ஏற்கத் தக்கதே. ஆனால் ஊற்று வற்றவில்லை என்பதும் வரலாறே.

பேரரசுகள் விரிந்தன. பொன்னும் பொருளும் பெருகின. உரிமை விடப்பட்டோர் வெளியேற வெளியேற, அவர்தம் இடத்தை நிரப்பப் புதியோர் விலைக்கு வாங்கி வரப்பட்டனர். ஸஹாராப் பாலைவனத்தைக் கடந்தும், கிழக்காப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து கப்பல் ஏறியும், காக்கேசிய மலைநாடுகளிலிருந்தும் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் கொண்டுவரப்பட்டனர். இவர்களுள் மிகப் பலர் திருமறை பேசும் அறப்போரில் சிறைப்பட்டவர்கள் அல்லர், பொருளாசையால் வேட்டையாடப்பட்டவர்கள். தென் இராக்கின் பஸ்ராவைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில், உப்புப் படிந்த மேல்மண்ணை வெட்டி அகற்றும் கொடிய பணியில் கறுப்பின அடிமைகள் கூட்டங்கூட்டமாக ஈடுபடுத்தப்பட்டனர். அவர்கள் 869-ஆம் ஆண்டு கிளர்ந்தெழுந்தனர். ஸஞ்ச் கிளர்ச்சி என வரலாறு கூறும் அப்போர் 883-ஆம் ஆண்டுவரை நீடித்து அப்பாஸியப் பேரரசை ஆட்டிவைத்தது. உண்பதையே உண்ணக் கொடுங்கள், உடுப்பதையே உடுக்கக் கொடுங்கள், அவர்கள் உங்கள் சகோதரர்கள் என்னும் பொருள்பட அண்ணலார் அருளிய போதனை அவ்வுப்பு நிலங்களை எட்டியிருப்பின், அக்கிளர்ச்சிக்கு இடமேது?

அடிமையாக வந்தோர் எகிப்தில் சுல்தான்களாயினர், டில்லியில் குத்புத்தீன் ஐபக் அரியணை ஏறினார் என்று நாம் பெருமை பேசுவதுண்டு. அவை மெய்யே. எனினும் அரியணை ஏறிய ஒருவரைச் சுட்டிக்காட்டி, அடுக்களையிலும் வயலிலும் பெயரின்றி மாண்ட ஆயிரவரை மறந்துவிடுதல் நீதியாகுமோ?

சங்கிலியில் சென்ற அறிஞர்

இந்நிலையை எதிர்த்து உலமாக்களிடையே குரல் எழவே இல்லையா என நீங்கள் கேட்கலாம். எழுந்தது. அக்குரல்களுள் ஒன்று திம்புக்துவிலிருந்து எழுந்தது.

ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றங்கரைக்கு அண்மையிலுள்ள திம்புக்து அந்நாளில் புகழ்பெற்ற கல்வி நகரம். அங்கு வாழ்ந்த பேரறிஞர் அஹ்மத் பாபா (1556–1627). மொராக்கோவின் சுல்தான் 1591-ஆம் ஆண்டு அந்நாட்டின்மீது படை அனுப்பினார். ஈராண்டுகளுக்குப் பின் அறிஞர்கள் பலர் கைது செய்யப்பட்டுச் சங்கிலியிட்டுப் பாலைவனம் கடந்து மராகேஷ் நகருக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அஹ்மத் பாபாவும் அவர்களுள் ஒருவர். அவர்தம் நூலகத்திலிருந்த 1,600 நூல்கள் பறிபோயின. தம் குடும்பத்தாரின் நூலகங்களுள் தம்முடையதே மிகச் சிறியது என்று அவர் கூறியதாக வரலாறு உண்டு. 1608-இல்தான் அவர் தாயகம் திரும்ப முடிந்தது.

அவரிடம் பாலைவனச் சோலையான துவாத் பகுதி மக்கள் ஒரு வினா விடுத்தனர். எங்கள் சந்தைக்கு வரும் கறுப்பின அடிமைகளுள் முஸ்லிம் நாடுகளைச் சேர்ந்தோரும் இருக்கின்றனரே, அவர்களை வாங்குவது ஆகுமா என்பதே வினா. 1615-ஆம் ஆண்டு மிஃராஜுஸ் ஸுஊத் என்னும் நூலாக அவர் விடை எழுதினார். தோலின் நிறம் எவரையும் அடிமையாக்காது. நூஹ் நபி (அலை) அவர்களின் மகன் ஹாமுக்கு இடப்பட்ட சாபத்தால் கறுப்பர் அடிமையாயினர் என்னும் கதை ஏற்கத் தக்கதன்று. கானோ, போர்னோ போன்ற இஸ்லாமிய நாடுகளைச் சேர்ந்தவர் எனத் தெரியவரும் எவரையும் வாங்குதலும் விற்றலும் ஹராம். அவரை விடுவித்தே ஆக வேண்டும் என்று அவர் தெளிவுறுத்தினார்.

அஹ்மத் பாபா அடிமைமுறையை அடியோடு மறுத்தவர் அல்லர். அறப்போரில் சிறைப்பட்ட பிற மதத்தவரை அடிமையாக்குதலை அவர் காலத்துச் சட்டம் ஏற்றதுபோல அவரும் ஏற்றார். ஆயினும் ஓர் ஐயத்தை அவர் சந்தையின் நடுவே எழுப்பிவிட்டார். இதோ நிற்கும் இம்மனிதன் உண்மையில் அடிமைதானா, அன்றிக் களவாடப்பட்ட சுதந்திரனா என்பதே அவ்வையம். சந்தையில் வாங்குவோன் எவனும் கேட்க விரும்பாத கேள்வி இது. இக்கேள்வியே, ஏறத்தாழ 230 ஆண்டுகளுக்குப் பின், ஒரு நாட்டின் அடிமைச் சந்தையை மூடியது.

துனிஸ் நகரின் விடுதலைச் சீட்டு

வடஆப்பிரிக்காவின் துனீசியாவை 1837 முதல் 1855 வரை ஆண்டவர் அஹ்மத் பே. பே என்பது அந்நாட்டு ஆட்சியாளரின் பட்டம். அவருடைய அன்னையாரே ஒரு சிறைக்கைதியாக அந்நாட்டுக்கு வந்தவர். சார்டீனியாவை அடுத்துள்ள சான் பியெத்ரோ என்னும் சிறு தீவை 1798-ஆம் ஆண்டு துனிஸ் கடற்படையினர் சூறையாடிச் சிறைபிடித்து வந்த நூற்றுக்கணக்கானோருள் அவரும் ஒருவர். கிறிஸ்தவக் கைதிகளை அடிமையாக்கும் வழக்கத்தைத் துனிஸ் 1816-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கடற்படையின் அச்சுறுத்தலால் கைவிட்டது. ஆனால் கறுப்பின மக்களின் அடிமைத்தளை அப்படியே தொடர்ந்தது. அவர்களுள் பலர் முஸ்லிம்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சம் குமுறுகின்றது. அவர்களுக்காகப் பேசப் பீரங்கிக் கப்பல் எதுவும் வரவில்லை!

அஹ்மத் பே படிப்படியாகச் செயற்பட்டார். 1841-ஆம் ஆண்டு அடிமைகளை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுத்தார். துனிஸ் நகரின் ஸூக்குல் பிர்கா என்னும் அடிமைச் சந்தையை மூடினார். 1842-ஆம் ஆண்டு, இனி அடிமைப் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தை சுதந்திரக் குழந்தையே என அறிவித்தார். பின்னர் 1846-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், அடிமைத்தளையை நீக்கும் ஆணையைப் பிறப்பித்தார். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை இறுதியாக ஒழிந்தது 1848-இல். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1865-இல். அவ்விரண்டிற்கும் முன்னரே இஃது நடந்தேறிற்று.

இங்கிலாந்தின் தூதுவர் தாமஸ் ரீட் என்பார் பேயைத் தொடர்ந்து ஊக்குவித்தார் என்பதையும், ஐரோப்பிய அரசுகளின் நன்மதிப்பைப் பெற வேண்டிய தேவை பேய்க்கு இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் அவர் தம் மக்களிடம் ஐரோப்பாவின் பெயரால் பேசவில்லை. மார்க்கத்தின் பெயரால் பேசினார். நாட்டின் உலமாக்களுக்கு எழுதிய மடலில் மூன்று காரணங்களை அவர் எடுத்துக்கூறினார்.

முதலாவது, அடிமைகளை உடையவர்கள் ஷரீஅத் விதித்த நல்லுபசாரத்தைப் பேணுவதில்லை. இரண்டாவது, கறுப்பின மக்களின் நாடுகளில் இஸ்லாம் பரவி நெடுங்காலமாகிவிட்டது. ஆதலின் இங்குள்ளோர் முறைப்படி அடிமையாக்கப்பட்டவர்கள்தாமா என்பது பெரிதும் ஐயத்துக்குரியது. மூன்றாவது, கொடுமை தாளாத அடிமைகள் அயல்நாட்டுத் தூதரகங்களில் தஞ்சம் புகுகின்றனர். தம் சமுதாயத்தின் நீதியை விட்டு அயலார் வாயிலில் அவர்கள் நிற்பது நாட்டுக்கு நன்றன்று. ஆகவே பொதுநலன் கருதி, அனுமதிக்கப்பட்ட ஒன்றையும் தடுக்க ஆட்சியாளருக்கு உரிமை உண்டு என்பது அவர் வாதம்.

ஹனஃபி முஃப்தியான முஹம்மது பைரமும், மாலிகி முஃப்தியான இப்ராஹீம் அர்-ரியாஹியும் இதற்கு இசைவு தெரிவித்தனர். துனிஸ் நகரில் ஸீதி மஹ்ரஸ் அவர்களின் ஸாவியா உள்ளிட்ட மூன்று புனித அடக்கத்தலங்களில் எழுத்தர்கள் அமர்த்தப்பட்டனர். விடுதலை வேண்டி அங்கு வரும் எந்த அடிமைக்கும் விடுதலைச் சீட்டு எழுதித் தரவேண்டும் என்பது கட்டளை. எசமானரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விலை செலுத்த வேண்டியதில்லை. வாயிலைக் கடந்து வந்தாலே போதும். ஸூக்குல் பிர்காவில் பின்னாளில் பொன் வணிகர் கடை விரித்தனர்.

ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட்டன எனக் கருதிவிடாதீர்கள். தலைநகரைக் கடந்த ஊர்களில் பழைய வழக்கம் மறைவாக நீடித்தது. அதனால் 1890-ஆம் ஆண்டு தண்டனை விதிக்கும் மற்றோர் ஆணை தேவைப்பட்டது. ஆயினும் 1846-ஆம் ஆண்டு ஆணையே அடித்தளம். அதன் ஆவணங்கள் 2017-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

துனிஸ் நகராட்சியின் முதல் தலைவராக விளங்கிய தளபதி ஹுஸைன், தாமே செர்க்கேஸிய நாட்டிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-ஆம் ஆண்டு, துனீசியாவின் அனுபவம் என்னவென்று அமெரிக்கத் தூதுவர் வினவியபோது, அடிமைகளற்ற நாடே செழிக்கும் என்று அவர் எழுதினார். 1856-இல் பாரிஸ் நகர இசையரங்கில் தம்முடன் வந்த கறுப்பின இளைஞனை ஓர் அமெரிக்கர் சினந்து பற்றியதையும், இது பாரிஸ், ரிச்மண்ட் அன்று எனத் தாம் அவரை அமைதிப்படுத்தியதையும் அம்மடலில் குறிப்பிட்டார். முஸ்லிம் நாடொன்றின் அதிகாரி அமெரிக்கருக்கு விடுதலையைப் பரிந்துரைத்த காலமும் ஒன்று இருந்தது!

எல்லா மதத்தாரும் கற்ற பாடம்

இத்தகைய போராட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்தவ உலகில் அடிமை வணிகரும் வேதத்தைக் கையில் ஏந்தினர். அடிமை ஒழிப்பாளரும் அதே வேதத்தையே ஏந்தினர். பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் ஊர்க் குவேக்கர்கள் 1688-ஆம் ஆண்டிலேயே எதிர்ப்பு மடல் எழுதினர். ஆனால் 1845-இல், அடிமை உடையவர் சமயப் பணியாளராகலாமா என்னும் வழக்கில் அமெரிக்கப் பாப்டிஸ்ட் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1833-ஆம் ஆண்டு தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தபோது, உடையவர்களுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு அளித்தது; உழைத்துத் தேய்ந்த அடிமைகளுக்கு ஒரு காசும் அளிக்கவில்லை.

நம்மவர் நிலையும் அவ்வாறே இரண்டுபட்டு நின்றது. துனிஸ் முஃப்திகள் இசைவு தந்த ஒன்பது ஆண்டுகளில், 1855-இல், உஸ்மானிய அரசு அடிமை வாணிபத்தைத் தடைசெய்யப் போகின்றது என்னும் செய்தி மக்காவை எட்டியது. அங்கே உலமாக்களின் தலைவராயிருந்த ஷைகு ஜமால், அத்தடை ஷரீஅத்துக்கு முரணானது என ஃபத்வா வழங்கினார், கலகம் மூண்டது. 1857-இல் ஆப்பிரிக்க அடிமை வாணிபத்தைப் பேரரசு தடைசெய்தபோது, ஹிஜாஸ் மாநிலத்துக்கு மட்டும் விலக்கு அளித்தது. பிலால் (ரலி) அவர்கள் பாங்கு சொன்ன நகரமே விலக்குக் கேட்டது என்பதை நாம் கண்ணீரோடு நினைவுகூர வேண்டும்.

மொராக்கோவின் வரலாற்றாசிரியர் அஹ்மத் அந்-நாஸிரி (1835–1897), மனிதனின் மூலநிலை சுதந்திரமே என்றும், தம் காலத்துச் சந்தையில் விற்கப்படும் கறுப்பின மக்களை வாங்க மார்க்கத்தில் இடமில்லை என்றும் எழுதினார். நம் நாட்டில் சர் ஸையித் அஹ்மத் கான் (1817–1898), முன்னர் நாம் கண்ட நாற்பத்து ஏழாம் அத்தியாயத்து வசனத்தையே ஆதாரமாகக் காட்டி, அடிமையாக்கும் வழியைத் திருமறையே அடைத்துவிட்டது என வாதித்தார். இருப்பினும் மவுரித்தானியா நாட்டில் 1981-ஆம் ஆண்டுதான் ஒழிப்புச் சட்டம் வந்தது. அடிமை வைத்திருப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் அங்கு 2007-இல்தான் வந்தது.

நமக்குரிய படிப்பினை

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? மார்க்கம் ஒன்றை நிபந்தனையோடு அனுமதிக்கின்றது. மனித ஆசையோ நிபந்தனையை உதறிவிட்டு அனுமதியை மட்டும் பற்றிக்கொள்கின்றது. பின்பு அதற்கு மார்க்கத்தையே சான்றாகக் காட்டுகின்றது. துனிஸ் உலமாக்கள் புதிய மார்க்கம் எதையும் படைத்துவிடவில்லை. நிபந்தனை எங்கே போயிற்று என்று கேட்டார்கள், அவ்வளவே. கேட்ட மாத்திரத்தில், அனுமதி என்று அதுவரை நம்பப்பட்டது தகர்ந்து வீழ்ந்தது. ஐயம் எழுமிடத்தில் மனிதன் சுதந்திரன் என்றே கொள்ளப்பட வேண்டும் என்னும் நீதி நிலைபெற்றது.

இஸ்லாம் அடிமைத்தளையை உடைத்தது என்று நாம் கூறும்போது, உடைக்கும் கருவியைக் கையில் தந்தது என்று கூறுவதே பொருத்தம். அதனைப் பயன்படுத்தியோரும் உளர். ஒளித்து வைத்தோரும் உளர். நாம் எவ்வகையினர்?

மறுமை நாளில் மூவருக்கு எதிராக இறைவனே வழக்குரைப்பான் என்னும் கருத்துடைய நபிமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இறைவன் பெயரால் வாக்களித்து வஞ்சித்தவன் ஒருவன். சுதந்திரமான மனிதனை விற்று அவ்விலையை உண்டவன் மற்றொருவன். மூன்றாமவன் யார்? கூலிக்கு ஆளமர்த்தி, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடாதவன். மனிதனை விற்றவனையும், கூலியை மறுத்தவனையும் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள்.

அடிமைச் சந்தைகள் மூடப்பட்டுவிட்டன. நம் நாட்டில் கொத்தடிமை முறையும் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் அதன் பின்னரும், முன்பணம் என்னும் பெயரால் செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் குடும்பங் குடும்பமாகக் கட்டுண்டோர் மீட்கப்பட்ட செய்திகளை நாம் நாளேடுகளில் படித்திருக்கின்றோம். நம் இல்லத்தில் பணிபுரியும் சிறுமி பள்ளிக்குச் செல்கின்றாளா? நம் கடையில் நிற்கும் பையன் வேறிடம் செல்ல விரும்பினால் தடையின்றிச் செல்ல இயலுமா? நாம் உண்பதை அவர்கள் உண்கின்றார்களா? பரீரா (ரலி) அவர்களைப் போல அவர்களால் நம் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச முடியுமா? அவ்வாறு பேசினால் அதனை மதிக்கும் உள்ளம் நமக்குண்டா?

பாங்கொலியைச் செவிமடுக்கும் போதெல்லாம், கஅபாவின் மேல் எழுந்த அக்குரலை நினைவுகூர்வோமாக. அக்குரலுக்கு உரியவரைத் தளையினின்று மீட்டது அபூபக்ர் (ரலி) அவர்களின் பொருள். நம் பொருள் எந்தக் கழுத்தை விடுவித்தது என்னும் கேள்வி நமக்காகக் காத்திருக்கின்றது. அதற்கு விடை கூறும் பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.